காற்றுக்குச் சாயாத கம்புக் கொட்டகை

இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு



மூன்று வருஷமாக நாம் டிராயிங் ஹாலில் வரைவதெல்லாம் ஆர்.சி.சி. வீடு, செங்கல் சுவர், ஸ்டீல் ட்ரஸ். ஆனால் நம்மில் பாதிப் பேர் வீட்டை ஒட்டி நிற்பது சவுக்குக் கம்பு நட்டு, மேலே கீற்றோ தகரமோ போட்ட கொட்டகைதான். மாட்டுக் கொட்டகை, டீக்கடை, சைக்கிள் ரிப்பேர் கடை, வலையும் வைக்கோலும் போட்டு வைக்கிற இடம், சில ஊர்களில் குடியிருக்கிற வீடே அதுதான். இதற்கு பிளான் கிடையாது, எஸ்டிமேட் கிடையாது, எஞ்சினியரும் கிடையாது. புயல் வந்தால் முதலில் விழுவதும் இதுதான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. இந்த இரண்டிலும் விழுந்த கொட்டகைகளை யாரும் எண்ணி முடிக்க முடியாது. அவ்வளவும் மரம் பலமில்லாததால் விழுந்ததா? இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருகிற விஷயம். விழுந்த கொட்டகையின் கம்பை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கம்பு முழுசாகத்தான் இருக்கும். கோளாறு கம்பில் இல்லை, கம்பும் கம்பும் சேருகிற விதத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய நம் பாடப் புத்தகத்தில் உள்ள விஷயமே போதும்.

1. கொட்டகை எப்படி விழுகிறது?

கஜா வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. விடிந்ததும் எங்கள் தெருவில் பார்த்ததை இப்போது சிவில் மாணவனாக யோசித்துப் பார்த்தால் விழுந்ததில் நாலு விதம் தெரிகிறது.

அ) சாய்ந்து படுத்தது. கால்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கூரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. கம்பு ஒன்றுகூட முறியவில்லை.

ஆ) கூரை பறந்தது. கால்கள் நட்டபடி நிற்கின்றன, தகரம் மட்டும் அடுத்த கொல்லையில் கிடக்கிறது.

இ) கால் பிடுங்கிக்கொண்டது. கூரையும் காலும் பிரியாமல், செடியை வேரோடு பிடுங்கின மாதிரி மொத்தமாகக் கவிழ்ந்தது.

ஈ) தரை மட்டத்தில் கால் ஒடிந்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே இற்றுப்போய் இருக்கும், அல்லது செல் அரித்திருக்கும்.

நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றை மட்டும் சரிசெய்தால் காற்று அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகும். இதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2. காற்று எவ்வளவு தள்ளும்?

காற்று விசைக்கான நமது இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பகுதி 3. இதன் புதிய பதிப்பு 2015-ல் வந்தது. இதில் உள்ள வரைபடப்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வினாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகம் தெரிந்தால் அழுத்தம் சுலபம்:

அழுத்தம் = 0.6 × வேகம் × வேகம்

வேகம் மீ/வினாடியில், விடை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும்.

மணிக்கு 72 கி.மீ. (20 மீ/வி) : 240 நி/ச.மீ.
மணிக்கு 108 கி.மீ. (30 மீ/வி) : 540 நி/ச.மீ.
மணிக்கு 144 கி.மீ. (40 மீ/வி) : 960 நி/ச.மீ.
மணிக்கு 180 கி.மீ. (50 மீ/வி) : 1500 நி/ச.மீ.

கவனியுங்கள், வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு ஆகிறது. "போன வருஷக் காத்துக்கே நம்ம கொட்டகை அசையல" என்று சொல்லித் தைரியமாக இருக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இனி ஒரு மாதிரிக் கொட்டகை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 3.6 மீட்டர், காலின் உயரம் தரைக்கு மேல் 2.4 மீட்டர். மொத்தம் ஆறு கால், நீளவாட்டில் பக்கத்துக்கு மூன்று. கால் 100 மி.மீ. விட்டமுள்ள சவுக்கு. பக்கம் தட்டியோ தகரமோ வைத்து மூடியிருக்கிறது. தானே கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. என்று வானிலைத் துறை கூறியது. எனவே 40 மீ/வி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். குணகங்களை எல்லாம் விட்டுவிட்டு, பருமன் தெரிவதற்காக மட்டும் போடும் கணக்கு இது.

நீளப் பக்கத்தின் பரப்பு 6 × 2.4 = 14.4 ச.மீ.
மொத்தத் தள்ளுவிசை 14.4 × 960 = 13,824 நி, அதாவது சுமார் 13.8 கிலோ நியூட்டன்.

1400 கிலோ எடை பக்கவாட்டில் சாய்ந்து நிற்பது போல! இதில் பாதி நேராகக் காலின் அடியில் இறங்கிவிடும். மீதிப் பாதி 6.9 கி.நி. கால்களின் தலையில், கூரை மட்டத்தில் வந்து தள்ளும். கொட்டகையைச் சாய்ப்பது இந்த 6.9 கி.நி.தான்.

3. நாலு மூலை ஏன் நிற்பதில்லை?

இரண்டாம் வருஷத்தில் படித்த சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சட்டகம் தானாக உருமாறாமல் நிற்க,

உறுப்புகள் = 2 × இணைப்புகள் − 3

மூன்று இணைப்புக்கு மூன்று உறுப்பு. அதுதான் முக்கோணம், குறை இல்லாத சட்டகம். நாலு இணைப்புக்கு ஐந்து உறுப்பு வேண்டும். நம் கொட்டகையை அகலவாட்டில் வெட்டிப் பார்த்தால் இரண்டு கால், மேலே ஒரு விட்டம், கீழே தரை என்று உறுப்பு நாலுதான். ஒன்று குறைகிறது. தேர்வில் இதை ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். கஜாவில் சாய்ந்து படுத்த கொட்டகை எல்லாம் இந்த ஐந்தாவது உறுப்பு இல்லாமல் படுத்தவைதான்.

நம்பாதவர்கள் நாலு ஐஸ் குச்சியை முனைகளில் குண்டூசி குத்திச் சதுரமாக்கி ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள், மடங்கிவிடும். குறுக்கே மூலைக்கு மூலை இன்னொரு குச்சியைக் குத்தினால் குச்சி உடையுமே தவிர சதுரம் மடங்காது. வகுப்பில் ஆடுகிற பெஞ்சுக்குத் தச்சர் சாய்வாக ஒரு ரீப்பர் அடித்ததும் ஆட்டம் நின்றுவிடுவதும் இதே காரணத்தால்தான்.

என் அப்பா கொட்டகை போடுகிற வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான் முதல். ஒரு லீவில் நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கணக்குப் போடுறியே தம்பி, இதுல நம்ம கொட்டகைய நிக்க வைக்கிறதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். இந்தச் சூத்திரத்தைத்தான் ஐஸ் குச்சி வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அட, முட்டுக் குடுக்கிறதுக்குத்தான் இந்தக் கணக்கா? நாங்க சாஞ்சதுக்கு அப்புறம் குடுப்போம், நீங்க சாயறதுக்கு முன்னாடியே குடுக்கச் சொல்றீங்க" என்றார். எனக்குத் தெரிந்து பிரேஸிங் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

4. மூலை முட்டு

மாடு போக, ஆள் போக வழி வேண்டும். எல்லா இடத்திலும் மூலைக்கு மூலை கம்பு போட முடியாது. அங்கே காலும் விட்டமும் சேருகிற மூலையில் 45 பாகை சாய்வில் சின்ன முட்டு கொடுக்கலாம். முட்டின் ஒரு முனை காலில், விட்டத்துக்கு 75 செ.மீ. கீழே. மறுமுனை விட்டத்தில், காலிலிருந்து 75 செ.மீ. தள்ளி.

இதனால் என்ன லாபம் என்று நடு வரிசைச் சட்டகத்துக்குக் கணக்குப் போடுவோம். கூரை மட்ட விசையில் பாதி, 3.45 கி.நி., நடு வரிசைக்கு வரும். அதில் இரண்டு கால். ஒரு காலுக்கு 1.73 கி.நி.

முட்டு இல்லாவிட்டால் கால் வெறும் கேன்டிலீவர். தரை மட்டத்தில் பெண்டிங் மொமென்ட் 1.73 × 2.4 = 4.15 கி.நி.மீ. 100 மி.மீ. உருளைக் கம்பின் செக்‌ஷன் மாடுலஸ் சுமார் 98,000 கன மி.மீ. தகைவு சதுர மி.மீ.க்கு 42 நியூட்டன் வருகிறது. நல்ல கட்டுமான மரத்துக்கே வளைவில் அனுமதிக்கும் தகைவு 20-க்குக் கீழேதான். ஆகவே கம்பு தாங்காது.

முட்டு கொடுத்து, அடியும் ஆடாமல் பிடித்திருந்தால் காலின் வளையும் நீளம் 2.4 − 0.75 = 1.65 மீட்டர். அதிலும் வளைவு நடுவில் திசை மாறுவதால் பாதி உயரத்துக்குத்தான் மொமென்ட். 1.73 × 0.825 = 1.43 கி.நி.மீ. தகைவு 14.5 ஆகிறது. அதே கம்பு, அதே காற்று, தகைவு மட்டும் மூன்றில் ஒரு பங்கு!

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நம் புயல்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையோடு வருபவை. மண் ஊறிக் குழைந்து கிடக்கும், காலின் அடி அசையும். அப்போது அந்த 14.5 அப்படியே 29 வரை ஏறும். எனவே முட்டு மட்டும் போதாது. இரண்டு, மேலே சொன்ன கணக்குப்படி முட்டுக்குள் போகிற விசை சுமார் 5 கி.நி., அதாவது 500 கிலோவுக்கு மேல். ஒரு ஆணி அடித்துவிட்டு முட்டுக் கொடுத்தாகிவிட்டது என்று கைதட்டிக்கொண்டு போனால் முட்டும் விழும், கொட்டகையும் விழும்.

5. பெருக்கல் கட்டு

வழி தேவைப்படாத பக்கங்களில், அதாவது இரண்டு அகலப் பக்கங்களிலும் பின்பக்கத்திலும், மூலைக்கு மூலை முழுக் குறுக்குக் கட்டு கொடுக்க வேண்டும். ஒன்று போதாது, பெருக்கல் குறி போல இரண்டு. ஏனென்றால் புயல் ஒரே திசையில் அடிப்பதில்லை. கண் நேராக நம் ஊர் மேல் போனால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், கொஞ்ச நேரம் ஓய்ந்தது போல இருக்கும், பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். கம்பியும் கயிறும் இழுவையைத்தான் தாங்கும், தள்ளினால் தொங்கிவிடும். ஒரு கட்டு தளரும்போது மற்றது இழுத்துப் பிடிக்க வேண்டும்.

கூரை மட்ட விசை 6.9 கி.நி. முழுவதையும் இரண்டு அகலப் பக்கச் சட்டகங்களே வாங்கினால் ஒன்றுக்கு 3.45 கி.நி. குறுக்குக் கட்டின் நீளம் 3.6-ம் 2.4-ம் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம், 4.33 மீட்டர். அதில் இழுவை,

3.45 × 4.33 ÷ 3.6 = 4.15 கி.நி.

12 மி.மீ. கம்பி போட்டால் தகைவு 37 நி/ச.மி.மீ. மட்டுமே, கம்பிக்கு அது தூசு. 4 மி.மீ. ஜி.ஐ. கம்பி ஒற்றை இழையாகப் போட்டால் 330 ஆகிறது, ஆபத்து. இரண்டு இழை முறுக்கினால் பாதியாகும். நான்கு இழை முறுக்கிப் போட்டால் நிம்மதி. சவுக்குக் கம்பையே சாய்வாகப் போட்டால் தள்ளலையும் ஓரளவு தாங்கும்.

நடு வரிசையில் வரும் விசை ஓரத்துச் சட்டகத்துக்கு எப்படிப் போகும்? அதற்குத்தான் கூரைத் தளத்திலும் குறுக்குக் கட்டு வேண்டும். கைமரங்களுக்கு அடியில் மூலைக்கு மூலை சாய்வாகக் கம்பு கட்டினால் கூரை ஒரே பலகை போலச் சேர்ந்து, விசையை ஓரங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

இன்னொன்று. குறுக்குக் கட்டு போட்டதும் சாய்க்கும் விசை மறைந்துவிடுவதில்லை, காலைத் தூக்கும் விசையாக மாறுகிறது. நம் கணக்கில் 3.45 × 2.4 ÷ 3.6 = 2.3 கி.நி. மேல்நோக்கி இழுக்கும். ஆகவே பிரேஸிங் போட்டவன் அடியையும் பார்த்தாக வேண்டும்.

6. கூரையைத் தூக்குவது

காற்று கூரையை அமுக்கும் என்று நினைக்கிறோம். சாய்வு குறைந்த கூரையில் அது உறிஞ்சித் தூக்கும். ஒரு பக்கம் திறந்த கொட்டகை என்றால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். கூரையின் தரைப் பரப்பு 21.6 ச.மீ. அழுத்தம் அப்படியே மேல்நோக்கி வந்தால் 20.7 கி.நி., அதாவது 2100 கிலோ. சதுர மீட்டருக்கு 5 கிலோ என்று வைத்தாலும் தகரக் கூரையின் எடை 108 கிலோதான். மேலே நாலு கல்லையும் டயரையும் தூக்கி வைப்பது எதற்கும் உதவாது, பறந்து யார் தலையிலாவது விழும்.

செய்ய வேண்டியது ஒன்றை ஒன்று பிடிக்கிற சங்கிலி. தகரம் சட்டத்தை, சட்டம் கைமரத்தை, கைமரம் விட்டத்தை, விட்டம் காலை, கால் மண்ணைப் பிடிக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டாலும் அங்கேதான் அறும். தகரத்துக்கு ஆணி வேண்டாம். ஜே போல்ட்டின் கொக்கி பலமாக இழுத்தால் நிமிர்ந்துவிடும், யூ போல்ட் நல்லது, அகலமான வாஷர் கட்டாயம். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சுவது அதிகம் என்பதால் அங்கே போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். தாழ்வாரம் சுவரை விட்டு 45 செ.மீ.க்கு மேல் நீள வேண்டாம்.

கீற்றுக் கூரைக்குக் கடலோர மக்கள் பழைய மீன் வலையை மேலே விரித்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவார்கள். அது ஏழை வைத்தியம் இல்லை, நல்ல எஞ்சினியரிங். ஆனால் கயிற்றை வரிச்சில் கட்டக் கூடாது, காலிலோ தரையில் அடித்த முளையிலோ கட்ட வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவுக் கூரையாகப் போட்டால் காற்று சுற்றி வழுக்கிப் போகும்.

7. காலும் மண்ணும்

ஆறு கால் என்றால் காலுக்குச் சராசரி 350 கிலோ தூக்கல். வழுவழுப்பான கம்பை ஊறிய மண்ணில் நட்டால் முளைக்கம்பு பிடுங்குகிற மாதிரி வந்துவிடும். குழி 90 செ.மீ. ஆழம், 45 செ.மீ. சதுரம். காலின் அடியில் சிலுவை போல இரண்டு குறுக்குக் கட்டையைப் போல்ட் போட்டு முடுக்கி இறக்க வேண்டும். அப்போது மேலே உள்ள மண்ணெல்லாம் கட்டையின் மேல் உட்காரும். அந்த மண்ணின் எடையே சுமார் 300 கிலோ, பக்கத்து மண்ணின் உராய்வு தனி. ஓரக் கால்களுக்குக் குறுக்குக் கட்டின் தூக்கலும் சேருவதால் அங்கே குழியை இன்னும் ஆழமாக்கலாம், அல்லது கான்கிரீட் போடலாம். மண்ணை மொத்தமாகத் தள்ளாமல் ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டுக் குத்த வேண்டும்.

கம்பு இற்றுப்போவது தரை மட்டத்தில், ஈரமும் காற்றும் சேருகிற இடத்தில். நடும் முன்பு அடிப் பகுதிக்கும் தரைக்கு மேல் ஒரு சாணுக்கும் தார் பூசுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால், புரட்டாசியில், காலைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணைத் தள்ளிக் கடப்பாறை முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தக் காலை மாற்றியே ஆக வேண்டும். அடி இற்ற காலுக்கு மேலே எத்தனை முட்டுக் கொடுத்தாலும் வீண்.

8. கட்டும் ஆணியும்

கம்பின் வெட்டுமுகத்தில் அடித்த ஆணிக்குப் பிடிப்புக் குறைவு, இழுத்தால் வந்துவிடும். முக்கிய இணைப்புகளில் 12 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் வாஷர். கம்பின் முனைக்கு மிக அருகே துளை போட்டால் பிளந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பச்சைக் கம்பு காய்ந்து சிறுத்தால் போல்ட்டும் தளரும், கயிற்றுக் கட்டும் தளரும். நாலைந்து மாதம் கழித்து ஒரு தடவை முடுக்க வேண்டும்.

9. மொத்தம் என்ன செலவு?

விலை ஊருக்கு ஊர் மாறும், அதனால் பொருளை மட்டும் சொல்கிறேன். அகலவாட்டில் காலுக்கு ஒன்று, ஆறு முட்டு. நீளவாட்டில் ஓரக் கால்களுக்கு ஒன்றும் நடுக் கால்களுக்கு இரண்டுமாக எட்டு. ஆகப் பதினான்கு முட்டு, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர். 6 மீட்டர் கம்பு ஒன்றில் ஐந்து வரும். ஆக மூன்று கம்பு, 28 போல்ட். இதோடு குறுக்குக் கட்டுக்குக் கம்பி, அடிக்குப் பன்னிரண்டு குறுக்குக் கட்டை. கொட்டகை முழுவதையும் மறுபடி போடுகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே நிற்கிற கொட்டகைக்கும் முட்டும் கட்டும் சேர்க்கலாம், அடியை மட்டும் ஒவ்வொரு காலாகத்தான் சரிசெய்ய முடியும்.

ஒரு முக்கியமான வார்த்தை. இவ்வளவும் செய்த கொட்டகையும் புயலில் மனிதர் ஒதுங்குகிற இடமல்ல. எச்சரிக்கை வந்தால் மக்கள் பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டும், மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். நாம் காப்பாற்றப் பார்ப்பது கொட்டகையை, அதை நம்பிய பிழைப்பை.

முடிவுரை

கடலோர மாடி வீடுகளுக்குக் கணக்குப் போட ஆள் இருக்கிறார்கள். தாழ்வான வீடுகளைப் புயலுக்குத் தாங்க வைப்பதற்கென்றே ஐ.எஸ். 15498 என்ற வழிகாட்டி 2004-லேயே வந்துவிட்டது. ஆனால் அது கம்பு நடுகிறவர் கைக்கு வந்து சேரவில்லை. அவருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவே நிற்பது நாம்தான். அவர் பேச்சும் நமக்குப் புரியும், புத்தகத்தின் பேச்சும் புரியும்.

ஆகவே நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வந்த பிறகு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையின் மூலைக் காலை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் ஐந்தாவது உறுப்பு இல்லை என்று அர்த்தம். மூன்று கம்பும் கொஞ்சம் போல்ட்டும் வாங்கி, வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து அடுத்த மழைக்கு முன்னால் முட்டுக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னவென்று கேட்டால் ஐஸ் குச்சியை எடுத்துக் காட்டுங்கள்.